மூன்று வயதோடு மூளையின் கதவு சாத்திவிடுமா?

கேள்வி: 4 மார்ச் 2025, இரவு 10.40

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எனக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். அம்மா, பால், தா, போ என்று நான்கு சொல்தான் வருகிறது. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், உன் புருஷனும் அப்படித்தான் என்கிறார் மாமியார். போன வாரம் பேரங்காடியில் ஒரு பெண் மூளைப் பயிற்சி அட்டைகள் விற்றுக்கொண்டிருந்தார். மூன்று வயதுக்குள் மூளை 90 விழுக்காடு முடிந்துவிடும், அப்புறம் கதவு சாத்திவிடும் என்றார். பெட்டியும் வகுப்பும் சேர்த்து 1,800 ரிங்கிட், தவணையில் கட்டலாம். கணக்குப் பார்த்தால் என் பிள்ளைக்குப் பத்து மாதம்தான் மிச்சம். கட்டட்டுமா டீச்சர்? பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவனோடு தமிழில் பேசுவதா, மலாய் மொழியில் பேசுவதா என்பதும் ஒரு குழப்பம்.

5 மார்ச், காலை 6.15

கட்டாதீர்கள். மற்றதை மதியம் எழுதுகிறேன். பேரனுக்குக் காலணி ஒன்றைக் காணவில்லை.

5 மார்ச், பிற்பகல் 2.50

காலணி அரிசி வாளிக்குள் இருந்தது.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் 31 வருடம் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவள். மருத்துவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூளையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் பாதி, ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்த என் தாயார் எழுத்தறியாமலே செய்தது. மீதிப் பாதி, அவர் செய்திருக்கக் கூடாதது.

அட்டை விற்ற பெண் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் வேலை சுலபம். பாதி உண்மை என்பதுதான் வம்பு. பிறந்த பிள்ளையின் மூளை பெரியவர் மூளையில் கால்வாசி இருக்கும். இரண்டு, மூன்று வயதில் ஐந்தில் நான்கு பங்கு. ஆறு வயதை நெருங்கும்போது பத்தில் ஒன்பது. கிளினிக்கில் மிசி (தாதி) தலையைச் சுற்றி நாடா பிடித்துப் பதிவேட்டில் புள்ளி வைக்கிறாரே, அது இதற்குத்தான். பிறக்கும்போது 35 செ.மீ. அளவில் இருக்கும் தலை ஒரு வயதில் 46, 47ஐத் தொட்டுவிடும். அதற்கப்புறம் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய பத்து செ.மீ.தான்.

ஆனால் அது பருமன். சுவர் எழுப்பிக் கூரையும் போட்டாகிவிட்டது என்றால் அந்த வீட்டில் வாழ்ந்து முடித்துவிட்டோம் என்றா அர்த்தம்? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, யோசித்துச் செய்வதற்கும் கோபத்தை அடக்குவதற்கும் உள்ள பகுதி, 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. (என் மூத்தவனைப் பார்த்தால் இன்னும் ஐந்து வருடம் கூட்டலாம் போலிருக்கிறது.)

பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து நரம்பு இணைப்புகளை எண்ணினார். 1979இல் வெளியிட்டார். மூளையின் முன்பகுதியில் இணைப்புகள் மிக அடர்த்தியாக இருப்பது ஒன்று, இரண்டு வயதில். பெரியவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிறகு குறைந்துகொண்டே வருகிறது. குறைவதுதான் முறையான வளர்ச்சி! உங்கள் கணவரைக் கேளுங்கள், செம்பனையில் ஓலை வெட்டாமல் விட்டால் குலை கண்ணுக்கே படாது. புழங்குகிற இணைப்பு நிற்கிறது, புழங்காதது போகிறது. ஆகவே 'இணைப்பைப் பெருக்கும் அட்டை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கதவு சாத்துவது சில விஷயங்களில் உண்டு. கண் அப்படி. ஹூபல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு. கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை செய்துவிடுவது இதனால்தான். பேச்சு அப்படித் தடாலென்று சாத்தும் கதவு இல்லை. தள்ளித் திறக்க நாளாக ஆகக் கனக்கும் கதவு.

5 மார்ச், இரவு 9.05

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். நல்ல டீச்சராக எல்லாம் சொல்லிவிட்டு, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

காது.

என் இளையவன் 1991இல் பிறந்தவன். சாதுவான பிள்ளை. முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்பான், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வரமாட்டான். பிடிவாதம் என்றோம். அப்பனைப் போல என்றோம். என் மாமியார் அவன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். திரும்பினான். "பார், காது நன்றாகத்தான் இருக்கிறது" என்று அந்த வழக்கு அன்றே முடிந்தது. மூன்று வயதில் ஒரு கிளினிக்குக்கும் தூக்கிப் போனேன். ஆண் பிள்ளை, காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். பகலெல்லாம் மற்றவர் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் என் பிள்ளை 'தண்ணீர்' என்பதைத் 'தண்ணி' என்றுகூடச் சொல்லாமல் 'அன்னி' என்பதை ரசித்துக்கொண்டு இருந்தேன்.

நாலரை வயதில், பழைய தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர் வேறு எதற்கோ வந்தவர், கைவிளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, "டீச்சர், ஈப்போவுக்குப் போங்கள்" என்றார், அவ்வளவுதான். செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போல நீர் கட்டியிருந்தது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதைப் போல அவன் எத்தனை மாதம் எங்கள் பேச்சைக் கேட்டானோ. சின்னக் குழாய் வைத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது யாரோ இறங்குவதற்கு மணி அடித்தார்கள். அவன் என் மடியிலிருந்து எழுந்து நின்று கூரையைப் பார்த்தான். எங்கே என்று தேடினான். அந்த பஸ்ஸில் அவன் குறைந்தது நூறு தடவை வந்திருப்பான்.

ஆகவே முதல் வேலை செவிப் பரிசோதனை. பிறந்தபோது தேறியிருந்தாலும் சரி. இந்த நீர் பிறகு, சளி பிடித்துப் பிடித்து வருவது. கூடவே இவற்றையும் கவனித்து எழுதுங்கள்: வேண்டியதை ஒற்றை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? நீங்கள் காட்டும் திசையில் பார்க்கிறானா? ஒரு பொருளைக் கொண்டுவந்து, வாங்குவதற்காக இல்லாமல், உங்களுக்குக் காட்டுவதற்காகவே நீட்டுகிறானா? முன்பு சொன்ன சொல் எதையாவது விட்டுவிட்டானா? இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவிலும், 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்த்தும் எதிர்பார்ப்பார்கள். நான்கு சொல் என்றால் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். மாமியார் சொல்வதும் நடக்கிறதுதான். தாமதமாகப் பேசித் தேறிவிடும் பிள்ளைகள் நிறைய. ஆனால் எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்று அந்த வயதில் வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. காத்திருப்பதையும் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமே.

6 மார்ச், காலை 11.20

ஈப்போவில் செவித்திறன் படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "டீச்சர், தட்டைத் தட்டுவதைப் படித்துவிட்டு நாலு பேர் தட்டைத் தூக்கப் போகிறார்கள்." நியாயம். தெளிவாகச் சொல்கிறேன்: தட்டுச் சத்தம் பெரிது, அது கேட்கும். 'ச', 'க', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள்தான் தவறிப்போகும். பின்னால் நின்று கிசுகிசுத்துப் பார்ப்பதும் பரிசோதனை ஆகாது, அந்த நிமிடம் அவனுக்குத் திரும்பத் தோன்றியிருக்கலாம். வீட்டில் செய்யும் எதையும் நம்பிச் செவி நன்று என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

6 மார்ச், இரவு 10.15

மொழி. எந்த மொழியில் உங்களுக்குத் திட்ட வருகிறதோ அந்த மொழியில் கொஞ்சுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்து மலாய் தானாக வரும். உங்களிடமிருந்து வராவிட்டால் தமிழ் எங்கிருந்தும் வராது.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் 'த', 'ட' இரண்டையும் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகள் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் பிடிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் காது தன் வீட்டு மொழிக்குத் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ சொல்லிக்கொடுக்க ஆறு வயதில் பிரம்பைத் தூக்கிய என் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

அடுத்தது தொலைபேசி. சியாட்டிலில் பட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். பன்னிரண்டு தடவை. குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். ஒன்றும் ஏறவில்லை. திரைக்குப் பிள்ளை எப்போது திரும்பிப் பார்த்தது என்று தெரியாது. இரண்டு வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன எல்லை நாளுக்கு ஒரு மணி நேரம், குறைந்தால் நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அறவே வேண்டாம்.

பேச்சுக்குச் சொல்கிறேன்: பேச்சு அதிகம் கேட்கும் வீட்டுப் பிள்ளை நான்கு வயதுக்குள் மற்றப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொல் அதிகம் கேட்டிருக்கும் என்று அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு.

7 மார்ச், காலை 7.30

மூன்று கோடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூலிம் அண்ணன் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார், "அது எத்தனை வீட்டில் எடுத்த கணக்கு?" என்று. 42 குடும்பங்கள். 1995இல் வந்தது. கணக்கும் எடுத்த முறையும் பிறகு நிறையக் கேள்விக்கு உள்ளாயின. ஓயாமல் பேசுகிறவர் வீட்டில் பிள்ளை அறிவாளி என்றால் என் நாத்தனார் பிள்ளைகள் இந்நேரம் நாட்டை ஆண்டிருக்க வேண்டும். எத்தனை சொல் காதில் விழுகிறது என்பதைவிட, பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையில் பேச்சு எத்தனை தடவை கைமாறுகிறது என்பதுதான் கணக்கு என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளை 'ஆ' என்கிறது, நீங்கள் 'ஆமாம், காக்கா' என்கிறீர்கள், அது மறுபடி 'ஆ' என்கிறது. அது இரண்டு முறை கைமாறியாகிவிட்டது.

8 மார்ச், மாலை 5.40

'பழைய காலத்தில் இந்த ஆய்வெல்லாம் யார் பார்த்தார்கள், ஆயாக் கொட்டகையில் வளர்ந்த நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று இரண்டு பேர். நானும் அங்கேதான் வளர்ந்தேன், என் தாயார்தான் அங்கே ஆயா.

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் தாய்மார்கள் டார்ச் விளக்கோடு வருவார்கள். சாரோங்கில் சுற்றிய பிள்ளை தோளில் தூங்கும். என் தாயார் இருட்டிலேயே கையை நீட்டுவார். கனத்தை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். விட்டத்தில் வரிசையாகத் தூளிகள். நான்கு தூளிகளை ஒரே கயிற்றில் கோத்து, நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் கீரை ஆய்ந்துகொண்டே ஆட்டுவார். தாலாட்டில் மாமன் பெயர் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒருத்தன் மாமன் பெயரை மறந்து இன்னொருத்தன் மாமனைப் போட்டுவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் பெரிய பிள்ளைகள் திருத்துவோம்.

நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்குப் பருப்புக் கடைவார். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, விரல் விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்து, பிறகு மணிக்கட்டிலிருந்து நண்டு ஏறும். முழங்கை மடிப்பில் வந்ததும் நின்றுவிடும். அந்த இடத்தில் என் தாயார் எதுவுமே செய்ய மாட்டார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். தோள் முன்கூட்டியே கூசிச் சுருங்கும். கடைசியில் அதுவே 'ம்' என்றோ 'ஏறு' என்றோ சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் நண்டு கக்கத்துக்குப் போகும். முப்பது வருடம் பாலர் பள்ளியில் நான் கற்ற எந்தப் பயிற்சியிலும் அந்த நிறுத்தத்துக்கு நிகரானது கிடையாது. மூளை விஞ்ஞானிகள் அதற்கு நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில்கூடத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகி, ஜனம் டவுன் அடுக்குமாடிக்கு வந்தபோது ஆயா கூட வரவில்லை.

9 மார்ச், அதிகாலை 4.10

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியது அழகாக இருக்கிறது, அதனாலேயே உறுத்துகிறது.

இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. கயிற்றில் நான்கு தூளியைக் கோத்தது பாசத்தால் இல்லை, கை போதாததால். ஆட்டியது தூங்கவைக்க, தூங்குகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. பருப்புக் கடைந்ததும் தினமும் இல்லை, மழை பெய்து பால்மரம் வெட்டு இல்லாத நாளில், பாதிப் பிள்ளைகள் வராதபோது. கண் மங்கிய கடைசிக் காலத்தில் என் தாயார் ஒரு நாள் சொன்னார்: "அழுகிற பிள்ளையைத்தான் தூக்க நேரம் இருந்தது. அழாத பிள்ளைதான் பாவம்."

புட்டியில் என்ன கொடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. டின் பாலைக் கரைத்து, அது தீர்ந்த வாரக் கடைசியில் வெறும் தேத்தண்ணீர். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில், சீனி போட்ட டின் பாலைச் சிசுவுக்குக் கொடுப்பது கொலை என்றே மேடையில் பேசினார். எங்கள் கொட்டகைக்கு அந்தப் பேச்சு வந்து சேர இருபத்தைந்து வருடம் போதவில்லை. தேத்தண்ணீரின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாது. கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புச் சத்து குறைந்தால் அது இரத்தத்தோடு நிற்பதில்லை, மூளை நரம்புகளுக்கு உறை போடும் வேலையையும் பாதிக்கிறது. பிறகு மருந்து கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்தாலும் சில குறைகள் தங்கிவிடுகின்றன. இன்றும் இந்த டவுனில் ஒட்டுக்கடைக்குப் போனால் புட்டியில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கும் பிள்ளையைக் காட்டுகிறேன். ஆறு மாதத்திலிருந்து ஈரல், இறைச்சி, முட்டை, மீன். கீரை கொடுத்தால் எலுமிச்சை நாலு சொட்டு. பிள்ளைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேனும் வேண்டாம், சேனை தொட்டு வைக்கவும்கூட.

9 மார்ச், காலை 9.00

'அப்படியானால் கொட்டகையில் வளர்ந்த நமக்கெல்லாம் மூளை குறைவா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது.

ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அநாதை விடுதிகளில் ஏராளமான குழந்தைகள் இருந்தார்கள். அங்கே 2000 வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வில் 136 பிள்ளைகள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். சேர்ந்தவர்கள் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தவர்கள் அதிகம் தேறினார்கள். மூன்று வயதுக் கதவை நான் கேலி செய்ததற்கு இது பதில்: முதல் வருடங்கள் பெரியவைதான். அட்டைக்காரப் பெண் அதில் பொய் சொல்லவில்லை, விற்றதுதான் பொய். அந்த விடுதிகளில் இல்லாமற்போனது அட்டை இல்லை, தன்னுடையவர் என்று ஒரே ஓர் ஆள்.

நம் கொட்டகைக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. பகலில் மரம் வெட்டி முடிந்து, பாலை எடை போட்டுவிட்டு அம்மா வந்தாள். ரப்பர் பால் வாடை அடிக்கும் மார்பில் பிள்ளையை அணைத்துக்கொண்டு லயத்துக்குப் போனாள். வேலைக்குப் போகும் தாய் என்று நீங்கள் குற்றவுணர்ச்சியில் வாடுவது எழுத்திலேயே தெரிகிறது. வேண்டாம் அம்மா. ஷிப்ட் முடிந்து வருகிறீர்கள் அல்லவா.

9 மார்ச், காலை 9.25

அவசரம், தலைப்புக்குச் சம்பந்தம் இருக்கிறது. மூத்த பிள்ளையின் துணியை அடுத்த பிள்ளைக்காகப் பாச்சை உருண்டை போட்டு எடுத்து வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவது) உள்ள பிள்ளைக்கு அந்த வாடையே இரத்த அணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை ஏறும். அது மிக அதிகமானால் மூளையையே கெடுத்துவிடும், மீட்க முடியாது. இந்த நாட்டில் பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தில் அதைப் பரிசோதிக்கிறார்கள், பதிவேட்டில் இருக்கும், பாருங்கள். உருண்டையைத் தூக்கி எறியுங்கள். மிசி வீட்டுக்கு வந்து மஞ்சள் பார்க்கும்போது 'வெயிலில் காட்டிக்கொள்கிறோம்' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

11 மார்ச், இரவு 8.50

இன்று ஒட்டுக்கடையில் கண்டது. தள்ளுவண்டியில் எட்டு மாதக் குழந்தை. எதிரில் தாய், கையில் தொலைபேசி. குழந்தை சிரித்தது. நிமிரவில்லை. கையைத் தட்டியது. நிமிரவில்லை. கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் சட்டை நுனியைச் சப்ப ஆரம்பித்தது. எட்வர்ட் டிரானிக் 1970களில் சோதனைச் சாலையில் தாயைச் சில நிமிடம் முகத்தை அசைக்காமல் இருக்கச் சொல்லிக் கண்டதெல்லாம் எனக்குத் தே தாரிக் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது.

கண்டிக்கலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். 1992, 93இல் தொடர் நாடகம் ஓடும் நேரத்தில் என் இளையவன் முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். சாதுவான பிள்ளை என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள். அழாத பிள்ளை. என் தாயார் அதைச் சொன்னபோது என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சும்மா சொல்கிறேன், நாள் முழுவதும் பிள்ளை முகத்தையே பார்க்க யாராலும் ஆகாது. டிரானிக்கின் தாய்மார்களும் சோதனை முடிந்ததும் சிரித்தார்கள், பிள்ளைகள் திரும்பி வந்தன. அந்தத் தாயும் தேநீர் வந்ததும் நிமிர்ந்தாள்.

13 மார்ச், பிற்பகல் 3.00

'அட்டை வேண்டாம் என்றால் என்னதான் வாங்குவது?' ஒன்றும் வாங்காதீர்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986, 87இல் ஊட்டம் குறைந்து உயரம் குன்றிய 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம் வந்தார், இரண்டு வருடம். தாயோடு உட்கார்ந்து, பிள்ளையோடு விளையாடுவது எப்படி என்று காட்டினார். பொம்மைகள் வீட்டில் கழித்த பொருள்களில் செய்தவை. இருபது வருடம் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்: அந்தப் பிள்ளைகளின் சம்பளம், அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 விழுக்காடு அதிகம். அதுவும் கரும்புத் தோட்டம் கண்ட நாடு, நம்மைப் போலத்தான். (டின் பாலைத் திட்டிய சிசிலி வில்லியம்ஸ் பிறந்ததும் ஜமைக்காவில்தான். என்ன பொருத்தமோ.)

பிளாஸ்டிக் போத்தலில் மொச்சை போட்டு மூடியை இறுக்கிக் கொடுங்கள். பழைய மங்கு நாலு இருந்தால் அடுக்கிக் கலைக்கட்டும்.

16 மார்ச், இரவு 9.40, கேள்வி கேட்டவர்

டீச்சர், தவணைத் தாளைக் கிழித்துவிட்டேன். கிளினிக்கில் கடிதம் கொடுத்தார்கள், செவிப் பரிசோதனைக்கு ஏப்ரல் 8ஆம் தேதி ஈப்போ. சுட்டிக் காட்டுகிறான், அதை அவர்களும் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தட்டு விஷயம் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார், அவரும் தட்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வந்தால் தொலைபேசி மின்னேற்றியில் கிடக்கிறது, இவர் திண்ணையில் பருப்புக் கடைந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் தெரிந்த விளையாட்டுதானாம், யாரும் கேட்கவில்லையாம். இவன் கையை இழுத்துக்கொள்ளாமல் காட்டிக்கொண்டு இருக்கிறான். நண்டு நிற்கிற இடத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை இல்லை, உடனே ஏற்றிவிடுகிறார். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று டீச்சரைக் கேட்கச் சொன்னார்.

17 மார்ச், காலை 6.20

பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். மனதுக்குள். உதடு அசையக் கூடாது, உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.